கோமாரிக் கடலில் இரண்டு றக்அத்

மீன்பிடிக்கவே மண்ணெண்ணெய் இல்லாமல் நிந்தவூர்க் கரையில் படகுகளெல்லாம் மணலில் ஏறிக் கிடந்த வருடம் அது. பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் நாடே வரிசையில் நின்றது. அந்த வருடத்தில்தான் ஜவாத் ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை கடலில் உல்லாசப் பயணம் போகிறோம் என்று தன் பெண்சாதி பஸ்மிலாவிடம் சொன்னான். கோமாரியில் படகேறுவது, தீவு பார்ப்பது, கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு கடலுக்குள் மீன் பார்ப்பது, தீவிலேயே பகல் சாப்பாடு, பொழுது சாய முன்னர் வீடு. ஏதோ டுபாயில் இருக்கிறவன் மாதிரிச் சொன்னான்.

பஸ்மிலா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்த கை நின்றது.

"போட்டுக்கு எண்ண எங்கால?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் அஸ்ஹர் பாத்துக்குவான். நாலு குடும்பம் போறம். புள்ளையும் எத்தின நாளாக் கேக்கா."

வேறொருத்தியாக இருந்தால் எந்த அபாயா உடுத்துவது என்று யோசிக்கத் தொடங்கியிருப்பாள். பஸ்மிலாவுக்கு அந்த யோசனை வரவில்லை. சூடு கண்ட பூனைக்கு அடுப்பைக் கண்டாலே பயம். பத்து வருடத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி றிஷாட் இப்படித்தான் ஒரு காலையில், வாழைச்சேனையில் கூட்டாளியின் கலியாணம் என்று சொல்லிப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். போனது கலியாணத்துக்கல்ல, கள்ளப் படகில் அவுஸ்திரேலியாவுக்கு. படகு போய்ச் சேர்ந்ததாகவும் தகவல் இல்லை, கவிழ்ந்ததாகவும் தகவல் இல்லை. மௌத்தானவர்களுக்கு ஓதுகிற கத்தத்தை அவனுக்கு ஓத அவளுடைய உம்மா இன்றுவரை விடவில்லை. பெருநாளைக்குப் பெருநாள் அவனுக்கென்று ஒரு சாரன் வாங்கி மடித்து வைக்கிறா.

இப்போது அதே பேச்சு ஜவாதின் வாயிலும் வரத் தொடங்கியிருந்தது. அவன் உழவு மெஷின் வைத்துப் பிழைத்தவன். முதலில் உரமில்லாமல் போய் வயலெல்லாம் மஞ்சள் பூத்தது. பிறகு டீசலும் இல்லாமல் போய் மெஷின் முற்றத்தில் கோழி அடைகிற இடமாயிற்று. பின்னேரங்களில் கூட்டாளி அஸ்ஹர் வருவான், இருவரும் கேற்றடியில் நின்று குசுகுசுப்பார்கள். ஒரு நாள் 'அவுஸ்திரேலியா' என்ற சொல் காதில் விழுந்ததும் பஸ்மிலா வெளியே போய் நேராகவே கேட்டுவிட்டாள். நீங்களும் அப்படிப் போனால் நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்றாள். ஜவாத் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், "இன்ஷா அல்லாஹ், போகமாட்டன்" என்றான்.

ஜவாத் அல்லாஹ்வுக்குப் பயந்தவன். அதை ஊரே சொல்லும். நோன்பு நாளில் வாய் கொப்பளிக்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டைக்குள் போய்விட்டது என்று இன்னொரு நாள் நோன்பு பிடித்துக் கொடுத்தவன். வயல் வெட்டினால் வீட்டுக்கு மூட்டை வருவதற்கு முன்னால் ஏழைகளின் பங்கான ஸகாத்தை அளந்து ஒதுக்கி வைக்கிறவன். மனிசர்களிடம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பான். இன்ஷா அல்லாஹ் சேர்த்துச் சொன்ன வாக்கு முறிந்தால் சத்தியத்தை முறித்த குற்றம் வராது என்று அவனுக்குத் தெரியும். பஸ்மிலாவுக்கும் தெரியும்தான். அன்றைக்கு அவளுடைய காதில் 'போகமாட்டன்' மட்டும்தான் ஏறியது.

"சாப்பாட்டக் கொஞ்சம் கூடச் செய் புள்ள. கெட்டுப்போகாத சாமானாப் பாத்துச் செய்" என்றான் ஜவாத், சனிக்கிழமை.

"பகல் திங்கிற சோத்துக்குக் கெட்டுப்போகாத சாமான் என்னத்துக்கு?"

"வெயிலு தானே."

மாட்டிறைச்சியை ஈரம் போகும்வரை பொரித்தாள். பயற்றம் உருண்டை பிடித்து ஒரு பெரிய டின் நிறைய அடுக்கினாள். முற்றத்தில் மெஷின் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. அஸ்ஹரின் மச்சான் இரண்டு நாளைக்குக் கேட்டானாம், கொடுத்திருக்கிறானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று யாராவது அவளிடம் வந்து சொல்லியிருந்தால், அவளே அகப்பையால் இன்னும் கொஞ்சம் சோற்றை அள்ளி மேலே போட்டிருப்பாள். நம்பித்தான் ஆக வேண்டும் என்று மனது முடிவெடுத்துவிட்டால் கண் என்ன செய்யும்.

கோமாரியில் படகுக்காரர் ஜீவராஜ் காத்துக்கொண்டு நின்றார். அறுகம்பைக்கு வருகிற வெள்ளைக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுவது அவருடைய தொழில். அந்த வருடம் வெள்ளைக்காரர்களும் இல்லை. அவர்களுக்கென்று வாங்கிய கண்ணாடிகளையும் குழாய்களையும் ஒரு கூடையில் போட்டு வைத்திருந்தார். பெண்களும் பிள்ளைகளும் கூரைச் சீலைக்குக் கீழே இருந்தார்கள். சாப்பாட்டுச் சாமான் வைத்த வெள்ளைத் தக்கை ரெஜிபோம் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெட்டியெல்லாம் ஆரு திங்கிறதுக்கு, ராத்தா?" என்று பஸ்மிலா பக்கத்தில் இருந்த ஹாஜறாவிடம் கேட்டாள். ஹாஜறா அஸ்ஹரின் பெண்சாதி. வாயாடி என்று பெயரெடுத்தவள். அன்றைக்கு அவள், "ஆம்புளையள் திம்பாங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் நேவிப் படகு ஒன்று குறுக்கே வந்தது. துவக்கோடு நின்றவன் படகுக்குள் எட்டிப் பார்த்தான். கூரைக்குக் கீழே முக்காட்டுப் பெண்கள், பிள்ளைகள், சோற்றுச் சட்டி. பஸ்மிலாவின் மகள் ஸப்னா கையாட்டினாள். எட்டு வயதுப் பிள்ளை, யாரைக் கண்டாலும் கையாட்டுவாள். நேவிக்காரன் சிரித்துக்கொண்டு அவனும் கையாட்டிவிட்டுப் போனான். பஸ்மிலாவும் ஆட்டினாள்.

தீவு என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. முதல் தீவு கடலுக்குள் நிற்கிற ஒரு கற்பாறை. அதை நாரைகளும் நீர்க்காகங்களும் எழுதி வாங்கியிருந்தன. படகு அதைச் சுற்றி வந்ததோடு சரி. இரண்டாவது, கொஞ்சம் மணலும் நாலைந்து தாழைப் புதரும் உள்ள திட்டு. அதன் தென்பக்கம் தண்ணீருக்குள் பவளக் கல் படர்ந்திருந்தது. படகை அங்கேதான் கட்டினார்கள்.

பிறந்ததிலிருந்து கடல் இரைச்சலைக் கேட்டுத்தான் பஸ்மிலா தூங்கி எழும்பியிருக்கிறாள். ஆனால் கடலுக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த மீனெல்லாம் கூடையில் வந்த மீன். ஜவாத் கண்ணாடியை அவளுடைய முகத்தில் வைத்து, முக்காட்டுக்கு மேலால் பட்டியை இழுத்து மாட்டினான்.

"மூக்கால இழுக்காத. வாயால மூச்சு விடு. நான் கையப் புடிச்சிருக்கன்."

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். கீழே மஞ்சளும் நீலமுமாய் மீன்கள் அவளைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. சில கல் செத்து வெளுத்திருந்தது, சில கல் உயிரோடு ஊதாவாக இருந்தது. அந்தப் பக்கம் ஸப்னா குழாய்க்குள்ளால் சிரிக்கிற சத்தம் தண்ணீருக்குள் கேட்டது. கல் முடிந்து கடல் இறங்குகிற இடத்தில் நீலம் கறுத்து ஒன்றுமே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் பஸ்மிலாவுக்குத் தம்பியின் நினைவு வந்துவிட்டது. தலையைத் தூக்கி இருமினாள். ஜவாத் அவளைத் தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்து மணலில் இருத்தினான். அவளுடைய கையை அவன் விடவேயில்லை. கலியாணம் முடித்த புதிதில் பிடித்ததற்குப் பிறகு அப்படி அவன் பிடித்ததில்லை.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு அன்பாக இருக்கிறவனையா இத்தனை நாளும் சந்தேகப்பட்டேன் என்று மனது குத்தியது.

"மச்சான், பொருந்திக்கங்க" என்றாள். "நான் உங்களக் கெட்டமாதிரி நினைச்சிட்டன்."

பொருத்தம் கேட்பது என்பது அந்த ஊர்களில் சின்ன விசயமல்ல. மனிசருக்குச் செய்த பிழையை அந்த மனிசரே பொருந்தாமல் அல்லாஹ்வும் மன்னிக்கமாட்டான் என்பார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக ஏறி, தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பயணம் வைப்பார். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள்.

ஜவாத் உடனே, "பொருந்திட்டன் புள்ள" என்றான். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தான். கண்ணாடிப் பட்டி பதிந்த கோடு அவனுடைய நெற்றியில் சிவந்திருந்தது.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. நெய்ச்சோற்றைச் சகன் என்கிற பெரிய தட்டுகள் இரண்டில் போட்டு, ஆண்கள் ஒன்றைச் சுற்றியும் பெண்களும் பிள்ளைகளும் மற்றதைச் சுற்றியும் இருந்தார்கள். ஆண்கள் பகிடி விடவில்லை. அஸ்ஹர் இரண்டு பிடியோடு கை கழுவினான். ஒரு பெட்டியைத்தான் திறந்திருந்தார்கள், மற்றவை கட்டிய கயிறு அவிழாமல் நிழலில் இருந்தன. பஸ்மிலா மட்டும் வயிறாரத் தின்றாள். மனப்பாரம் இறங்கினால் பசி எடுக்கும்.

பிறகு ளுஹர், மத்தியானத் தொழுகை. கடல் தண்ணீரில் முகம் கை கால் கழுவி வுழூச் செய்தார்கள். மற்ற ஆண்கள் தாழைக்கு அந்தப் பக்கம் போக, ஜவாத் தனியாகப் பாயை விரித்தான். பஸ்மிலா அவனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஜமாஅத்தாச் சேந்து தொழுவம். நன்மை கூட."

"நீ ஹாஜறா ராத்தாவோட தொழன்."

"ஏன், என்னத் தொழுவிச்சா ஒங்களுக்குக் குறஞ்சு போகுமா?" என்று சிரித்தாள்.

அவன் பாயின் மடிப்பை இழுத்து நேராக்கினான். பிறகு தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கினான்.

தொழுகிற திசையான கிப்லா மேற்கே இருந்தது. அவர்களுக்கு முன்னால் கரை, கோமாரித் தென்னைகள். முதுகுக்குப் பின்னால் கடல். நின்று, குனிந்து, நெற்றி வைத்து ஒரு றக்அத் முடிந்தது. இரண்டாவதும் முடிந்து ஜவாத் இருப்பில் இருந்தான். ளுஹர் நாலு றக்அத். எழும்ப வேண்டும். அவன் எழும்பவில்லை. மறந்துவிட்டானாக்கும் என்று பஸ்மிலா நினைத்தாள். இமாம் பிழை விட்டால் பின்னால் நிற்கிற பெண் கையைத் தட்டி நினைவூட்டலாம். வலக்கையால் இடக்கைப் புறத்தில் தட்டினாள். அவன் அசையவில்லை. இன்னொரு முறை பலமாகத் தட்டினாள்.

ஜவாத் வலப்பக்கம் முகத்தைத் திருப்பி, தொழுகையை முடிக்கிற ஸலாமைக் கொடுத்தான். இடப்பக்கமும் கொடுத்தான். திரும்பிப் பார்க்காமலே, "நீ எழும்பி மிச்சத்தத் தொழு புள்ள" என்றான். பிறகு தான் எழும்பி, அஸருக்கென்று தனியாக இரண்டு றக்அத் தொழ ஆரம்பித்தான்.

நாலை இரண்டாகச் சுருக்கி, அஸரையும் ளுஹரோடு சேர்த்துத் தொழுவது தூரப் பயணம் போகிறவனுக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை. கொழும்புக்குப் போகும்போது ஜவாத் அப்படித் தொழுவான். கோமாரி நிந்தவூரிலிருந்து அந்தத் தூரமில்லை. அம்பாறைக்குப் போனால்கூட அவன் நாலுதான் தொழுவான், சோம்பலுக்குச் சுருக்குகிறவன் அல்ல. தொழுகையில் அவன் பொய் சொல்லமாட்டான்.

பஸ்மிலா எழும்பி நின்றாள். மிச்சம் இரண்டு றக்அத் இருந்தது. வாய் பாட்டில் ஓதியது. பின்னால் பெட்டிகளைத் தூக்கிப் படகில் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் அடுக்கிய டின் எதிலோ இடிபட்டது. தொழுகையில் நிற்கிறவள் திரும்பிப் பார்க்க முடியாது. கரையைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

ஸலாம் கொடுத்ததும் கேட்டாள்.

"எந்த ஊருக்குப் போக மச்சான் நிய்யத்து வச்சீங்க?"

அவன் பாயை மடித்தான்.

"ஒனக்குத் தெரியும்தானே."

"வாயத் திறந்து சொல்லுங்க."

"வாயால சொல்ல ஏலாமத்தான் தொழுது காட்டினன்." அவன் மணலைப் பார்த்தே கதைத்தான். "வெளியால பெரிய போட் நிக்கி. மெஷினையும் வித்தாச்சு. புள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கிக் குடுக்க வக்கில்லாம நான் இஞ்ச இருந்து என்னத்தச் செய்ய?"

"றிஷாடும் இதத்தான் சொல்லியிருப்பான். அவன் எங்க?"

ஜவாத் மடித்த பாயைக் கக்கத்தில் இடுக்கினான்.

"அப்ப எங்கள என்னத்துக்குக் கூட்டி வந்தீங்க?" என்று கேட்கும்போதே நேவிக்காரன் கையாட்டியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. "நேவிக்குக் காட்டுறதுக்கா? இந்தப் புள்ளையையுமா?"

ஜவாத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் ஓடிப்போய்ப் பையிலிருந்து போனை எடுத்தாள். ஹாஜறா குறுக்கே வந்து கையைப் பிடித்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் பஸ்மிலாவுக்கு விளங்கிவிட்டது.

"தெரிஞ்சுதான் வந்தீங்களா, ராத்தா?"

"ஓம்" என்றாள் ஹாஜறா. "எனக்கும் ஈரக்குல அறுகுது. ஆனா நேவிக்குச் சொல்லி, புள்ளைட வாப்பாவ நீயே காட்டிக் குடுக்கப் போறியா? இருட்டினாப்போல துரத்திப் புடிக்கக்குள்ள என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

ஜவாத் பின்னால் வந்து நின்றான். மற்ற மூன்று ஆண்களும் படகில் ஏறிவிட்டார்கள். பிள்ளைகளிடம், வெளியே இன்னும் பெரிய கல் இருக்கிறது, வாப்பாமார் பார்த்துவிட்டு வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

"பஸ்மிலா" என்றான் ஜவாத். பெயர் சொல்லி அவன் கூப்பிடுவதில்லை. "நான் பெரிய பிழை செஞ்சிட்டன். என்னப் பொருந்திக்க."

போன் அவளுடைய கையில்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆயுதம் தன் வாயில் இருப்பதாக அவளுக்கு அப்போது தோன்றியது. ஒரு சொட்டுத் தண்ணீருக்கு ஒரு நோன்பு பிடித்தவன் இவன். பெண்சாதியின் பொருத்தம் இல்லாமல், மௌத்துக்கும் ஹயாத்துக்கும் நடுவில் ஆடப்போகிற படகில் இவன் கால் வைப்பானா? வைக்கமாட்டான். அவள் அதை நிச்சயமாக நம்பினாள். அவள் விட்ட பிழை அதுதான்.

"பொருந்தமாட்டன்" என்றாள். "போனீங்கண்டா இஞ்சயும் பொருந்தமாட்டன், மறுமையிலயும் பொருந்தமாட்டன். இருந்தாப் பொருந்துறன்."

அவனுடைய முகம் செத்துப்போயிற்று. காலையில் மணலில் இருந்து அவள் கேட்டபோது அவன் உடனே பொருந்தியது இருவருக்கும் நினைவு வந்திருக்கும். அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. இன்னொரு முறை, "புள்ள" என்று மட்டும் கூப்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனைப் பைக்குள் போட்டாள். அவன் நின்றுவிட்டான் என்றே நினைத்தாள். மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ்கூடச் சொல்லிவிட்டாள்.

இயந்திரம் இழுக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஜவாத் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்ப் படகின் விளிம்பைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தான். ஏறி அவளைப் பார்த்தபடி நின்றான், இருக்கவில்லை. பஸ்மிலா தண்ணீருக்குள் ஓடினாள். அபாயா காலில் சுற்றிக்கொண்டது. ஏதோ கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது. படகு கல்லைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போய்விட்டது.

திட்டில் நாலு பெண்களும் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். பிள்ளைகள் சிப்பி பொறுக்கினார்கள். காகங்கள் சகனில் மிஞ்சிய சோற்றைக் கொத்தின. ஹாஜறா பக்கத்தில் வந்து இருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பஸ்மிலா எழும்பித் தூரமாகப் போய் இருந்தாள். இனி உம்மாவுடைய வீட்டுக்கு எப்படிப் போவது, அந்த வீட்டில் மடித்து வைத்த சாரன்களை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தாள். உம்மாவுக்காவது ஒரு ஆறுதல் இருக்கிறது. மகன் போகும்போது வாழ்த்தித்தான் அனுப்பினா.

அஸர் நேரத்துக்குப் படகு திரும்பி வந்தது. ஜீவராஜ் மட்டும்தான் இருந்தார். பெட்டிகள் இல்லை. கூடையில் கண்ணாடிகளும் குழாய்களும் அப்படியே கிடந்தன.

"ஏறுங்க தங்கச்சி" என்றார் பஸ்மிலாவிடம். அவளுடைய கண்ணைப் பார்க்க அவரால் முடியவில்லை. "பெரிய போட்டில ஏறிட்டாங்க. உங்கட ஆள் கடைசியாத்தான் ஏறினவர். நான் திரும்பிவரும் மட்டும் இந்தப் பக்கத்தையே பாத்துக்கொண்டு நிண்டவர்."

"வாப்பா வரல்லியா?" என்று ஸப்னா கேட்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு உம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"காலையில மீன் பாக்கக்குள்ள வாப்பா எனக்கிட்டப் பொருத்தம் கேட்டாரு உம்மா. பெரிய ஆக்கள்ட கேக்கிறமாதிரி. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. பொருந்திட்டன் எண்டு சொன்னன்."

பஸ்மிலா பிள்ளையின் ஈரத் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் சொன்னீங்கதானே, உம்மா?"

பெரிய படகு போன பக்கம் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் மட்டும்தான் இருந்தது. பஸ்மிலா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, "பொருந்திட்டன்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஜீவராஜ் இயந்திரத்தை இழுத்தார். மடியில் கிடந்த பிள்ளைக்கே அது கேட்கவில்லை.

"என்ன உம்மா?" என்றாள் ஸப்னா. "எனக்குக் கேக்கல்ல."